தந்தை ஆடு திருடினால் மகன் என்ன செய்ய வேண்டும்? கன்பூசியஸின் பதில் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பள்ளி மாணவர்களுக்காக ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் வருகிறார்கள். திருக்குறளும் நாலடியாரும் படித்து முடித்த பிறகு, வேறு நாட்டார் அறத்தை எப்படிப் பேசினார்கள் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும் என்று, கன்பூசியஸின் உரையாடல்களை அவருடைய மாணவர் பரம்பரையினர் 20 இயல்களாகத் தொகுத்து வைத்த நூலை இந்த ஆண்டு எடுத்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. கற்றும் சிந்திக்காதவன் குழம்புவான், சிந்தித்தும் கற்காதவன் ஆபத்தில் இருப்பான் என்ற பகுதியும், மூவர் சேர்ந்து நடந்தால் அவர்களில் ஒருவர் எனக்கு ஆசிரியராக இருப்பார் என்ற பகுதியும் மாணவர்களுக்கு உடனே பிடித்துவிட்டன. பகலில் தூங்கிய ட்சாய் யூ என்ற மாணவனைப் பார்த்து, உளுத்த மரத்தில் சிற்பம் செதுக்க முடியாது என்று ஆசிரியர் சலித்துக்கொண்ட இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மூங்கில் கூடைச் சோறும் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீருமாக ஒரு சந்துக்குள் குடியிருந்தும் மகிழ்ச்சி குன்றாத யான் ஹுய்யைப் பற்றிப் படித்தபோது அமைதியாகக் கேட்டார்கள்.

சிக்கல் 13ஆம் இயலின் 18ஆம் பகுதியில் வந்தது. ஷெ என்ற பகுதியின் ஆட்சித் தலைவர், தம் ஊரில் ஒரு நேர்மையாளன் இருப்பதாகவும், அவனுடைய தந்தை ஓர் ஆட்டைத் திருடியபோது அவனே தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகவும் பெருமையாகச் சொல்கிறார். அதற்குக் கன்பூசியஸ், எங்கள் ஊரில் நேர்மையாளர்கள் வேறு மாதிரி இருப்பார்கள், மகனுக்காகத் தந்தை மறைப்பார், தந்தைக்காக மகன் மறைப்பான், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது என்று பதில் சொல்கிறார்.

இதைப் படித்ததும் ஒரு மாணவி எழுந்து, "எங்கள் வீட்டில் அப்பா கொக்கி போட்டுத்தான் கரண்டு எடுக்கிறார். அப்படியென்றால் நான் பேசாமல் இருப்பதுதான் நேர்மையா, சார்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லி வகுப்பை முடித்துக்கொண்டேன்.

ஒழுக்கத்தையும் வாய்மையையும் வாழ்நாள் முழுவதும் போதித்த ஒருவர் எந்தப் பொருளில் இப்படிச் சொல்லியிருப்பார் என்பதையும், பதினைந்து வயதுப் பெண்ணிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதையும் இந்த நூல்களில் பழக்கம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். சுற்றி வளைத்துச் சொல்லப்படும் சமாதானம் வேண்டாம். கன்பூசியஸ் தவறு என்றால் தவறு என்றே எழுதுங்கள்.


மறுமொழி 1: மஞ்சக்குப்பம் வக்கீல்

ஐயா, நான் ஓய்வுபெற்ற வழக்கறிஞன். மெய்யியலுக்குள் போவதற்கு முன்பு அந்த மாணவிக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. கொக்கி போடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி திருட்டு, ஐயமே இல்லை. ஆனால் மகள் போய்ப் புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்தப் பிரிவும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, கொலை, கொள்ளை போன்ற சில குற்றங்களைப் பட்டியலிட்டு, அவற்றை அறிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றது. சாதாரணத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆட்டுத் திருட்டும் இல்லை. திருடிய ஆடு என்று தெரிந்தே அதைத் தன் கொட்டிலில் கட்டி வைத்தால் கதை மாறிவிடும், அது வேறு. அந்த மாணவியின் தந்தை தாமாகவே மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் இணக்கக் கட்டணம் கட்டினால் வழக்கு இல்லாமல் முடித்துக்கொள்ள அதே சட்டத்தின் 152ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒருவருக்கு ஒரு முறைதான் அந்தச் சலுகை. மகள் தந்தையிடம் வீட்டுக்குள் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

இனிச் சீனத்துக்கு வருவோம். இந்தப் பகுதியை ஒரு தனிமனிதரின் கருத்தாக மட்டும் படித்தால் அதன் கனம் தெரியாது. கன்பூசியஸ் கி.மு. 479இல் இறந்தார். அதற்கடுத்த நூற்றாண்டில் சின் நாட்டில் ஷாங் யாங் என்ற அமைச்சர் குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் கட்டி, ஒருவர் குற்றத்தை மற்றவர் காட்டிக்கொடுக்கவில்லை என்றால் இடுப்போடு வெட்டிக் கொல்லவும், காட்டிக்கொடுத்தவருக்குப் போர்க்களத்தில் எதிரியின் தலையைக் கொய்தவனுக்குரிய பரிசைக் கொடுக்கவும் சட்டம் செய்தார். அரசு வீட்டுக்குள் நுழைந்து மகனை ஒற்றனாக்கினால் என்ன ஆகும் என்பதைச் சீனர்கள் அனுபவித்துப் பார்த்தார்கள். சின் பேரரசு விழுந்த பிறகு வந்த ஹான் ஆட்சியில், கி.மு. 66இல் பேரரசர் சுவான், பெற்றோரை மறைத்த பிள்ளைகளையும், கணவனை மறைத்த மனைவியையும், பாட்டன் பாட்டியை மறைத்த பேரப்பிள்ளைகளையும் தண்டிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். எதிர்த்திசையில் அவ்வளவு தாராளம் இல்லை. பிள்ளையைப் பெற்றோர் மறைத்தது மரண தண்டனைக்குரிய வழக்காக இருந்தால் மேலிடத்துக்கு அனுப்பி முடிவு கேட்க வேண்டும். கி.பி. 653இல் வந்த தாங் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோர் மீது புகார் கொடுத்த பிள்ளைக்கே மரண தண்டனை விதித்தது. அரசுக்கு எதிரான சதி போன்றவை மட்டும் விதிவிலக்கு.

அது மிகை என்பதே என் கருத்தும். ஆனால் மறுமுனையையும் பாருங்கள். 1970இல் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அன்ஹுய் மாகாணத்தில், மாவோவைக் குறை கூறினாள் என்று பெற்ற தாயையே ஒரு பதினாறு வயது மகன் காட்டிக்கொடுத்தான். அந்தத் தாய் சுட்டுக் கொல்லப்பட்டாள். முதுமையை நெருங்கும் வயதில் அந்த மகன் அதைப் பொதுவெளியில் சொல்லி வருந்தினார். 2012இல் திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகளைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குக் கட்டாயப்படுத்தி வரவழைக்கக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு; தந்தை மகனுக்கு அப்படி ஒன்று கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிட கன்பூசியஸுக்கு நெருக்கமாக இருக்கிறார்கள்.


மறுமொழி 2: வில்லியனூர்க் கணக்கர்

வக்கீல் ஐயா சொன்ன வரலாறு சரி. ஆனால் கேள்வி அறம் பற்றியது. அதற்கு நேரான பதில் வேண்டும் என்று கேட்டவரே சொல்லியிருக்கிறார். என் பதில்: கன்பூசியஸ் இங்கே தவறுகிறார்.

அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள். ஆட்சித் தலைவர் மகனைப் பற்றிப் பேசுகிறார். கன்பூசியஸ் தந்தையையும் மகனையும் பற்றிப் பேசுகிறார். ஆட்டைப் பறிகொடுத்தவனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வீட்டில் அந்த ஆடு ஒன்றுதான் இருந்ததோ என்னவோ. வள்ளுவர் நடுவு நிலைமையைத் தொடங்கும்போதே "தகுதி எனவொன்று நன்றே பகுதியால் பாற்பட்டு ஒழுகப் பெறின்" என்கிறார். பகுதி என்பதற்குப் பகை, நொதுமல் (பகையும் நட்பும் இல்லாத அயல்), நட்பு என்று மூன்றையும் பரிமேலழகர் எடுத்துக் காட்டுகிறார். உறவு என்பதற்காகத் தராசு சாயக் கூடாது என்பது நம் நிலைப்பாடு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் போய், வீட்டுக்காரன் என்றால் மறைத்துவிடு என்று எப்படிச் சொல்வது?

சீனத்திலும் எல்லாரும் கன்பூசியஸ் பக்கம் இல்லை. எல்லாரிடமும் வேறுபாடில்லாத அன்பு வேண்டும் என்று வாதிட்ட மோசியின் கூட்டத்தார் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவர் ஃபு துன் சின் நாட்டில் இருந்தபோது அவருடைய மகன் ஒருவனைக் கொன்றுவிட்டான். மன்னர் ஹுய், உமக்கு வயதாகிவிட்டது, வேறு பிள்ளையும் இல்லை, நான் மன்னித்துவிட்டேன் என்றார். கொன்றவன் சாக வேண்டும் என்பது எங்கள் சட்டம், மன்னர் மன்னித்தாலும் நான் அதைக் கைவிட முடியாது என்று சொல்லி, ஃபு துன் தம் ஒரே மகனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார். இது கி.மு. மூன்றாம் நூற்றாண்டு நூலான லூ ஷி சுன்சியூவில் இருக்கிறது. திருவாரூர்க் கதைக்கு இதைவிட நெருங்கிய உடன்பிறப்பு வேறெங்கும் கிடைக்காது.

இன்னொன்று. 2002இல் லியூ சிங்பிங் என்ற சீனப் பேராசிரியர், இன்றைய ஊழலுக்கு வேர் இந்த உறவு முதன்மைதான் என்று எழுதினார். குவோ சியோங் என்ற பேராசிரியர் மறுத்தார். சில ஆண்டுகள் அந்த விவாதம் நீண்டது. தணிக்கை வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் லியூ பக்கம். சம்பளத்துக்கு மீறிய வீடு எழும்பும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் கணக்குத் தெரிந்துதான் இருக்கும்.


கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. மின்வாரிய விவரத்தை மாணவியிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்காரனைப் பற்றிக் கணக்கர் கேட்டது என்னையும் உறுத்துகிறது. கன்பூசியஸ் தரப்பில் இதற்குப் பதில் உண்டா?


மறுமொழி 3: முத்தியால்பேட்டை ஆசிரியை

புதுச்சேரியில் சைகோன் தொடர்புள்ள குடும்பங்கள் பல. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தாத்தா அங்கே அரசு வேலை பார்த்தார், பாட்டி வியட்நாமியர். வியட்நாமியப் பள்ளிகளில் இன்றும் சுவரில் எழுதி வைக்கும் ஒரு தொடரைப் பாட்டி எங்களுக்குச் சொல்வார்: "தியென் ஹொக் லெ, ஹாவ் ஹொக் வான்". முதலில் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள், எழுத்தைப் பிறகு கற்றுக்கொள் என்று பொருள். வீட்டுப்பாடத்தைக் காட்டுவதற்கு முன்னால் பெரியவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும். கேட்காமல் நோட்டை நீட்டினால் பாட்டி அதை வாங்கவே மாட்டார்.

அந்தத் தொடருக்குப் பின்னால் நிற்பது கன்பூசியஸ் நூலின் முதல் இயல்தான். இளைஞன் வீட்டில் பெற்றோரைப் பேண வேண்டும், வெளியில் மூத்தோரை மதிக்க வேண்டும், சொன்ன சொல் தவறக் கூடாது, எல்லாரிடமும் அன்பு காட்ட வேண்டும், இவ்வளவும் செய்த பிறகு வலு மிச்சம் இருந்தால் நூல் கற்கட்டும் என்பது அங்கே உள்ள ஆறாம் பகுதி. அதற்குச் சற்று முன்னால், பெற்றோர் மீதும் உடன்பிறந்தோர் மீதும் உள்ள பற்றே மனிதநேயத்துக்கு வேர் என்று யூ ட்சு என்ற மாணவர் சொல்கிறார். நல்லவனாவது என்பது விதிகளை மனப்பாடம் செய்வதில் தொடங்குவதில்லை, நேசிக்கத் தெரிவதில் தொடங்குகிறது, அந்த நேசம் முதலில் பழகும் இடம் வீடு. அதை வெட்டிவிட்டால் வெளியில் உள்ள ஆட்டுக்காரனுக்காக இரங்கும் மனமும் சேர்ந்தே போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்கர் இதை ஏற்க மாட்டார். ஆனால் பாரபட்சம் வேறு, இது வேறு என்றாவது அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சாட்சி சொல்லாதே என்றால் சும்மா இரு என்று பொருள் இல்லை. நான்காம் இயலின் 18ஆம் பகுதி, பெற்றோர் தவறினால் மென்மையாக எடுத்துச் சொல் என்கிறது. கேட்கவில்லை என்றால் மரியாதை குறையாமல், மனம் கசக்காமல், மறுபடியும் முயன்றுகொண்டே இரு என்கிறது. பெற்றோர் பேணலைப் பற்றிய தனி நூலில், தந்தை சொன்னதை எல்லாம் கேட்பதுதான் மகனுக்கு அழகா என்று ட்செங் ட்சு என்ற மாணவர் கேட்டதும், "இது என்ன பேச்சு, இது என்ன பேச்சு!" என்று கன்பூசியஸ் கடிந்துகொண்டு, எதிர்த்து அறிவுரை சொல்லும் மகன் இருந்தால்தான் தந்தை அறமற்ற செயலில் விழாமல் இருப்பார் என்கிறார். ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் உரியவன் கொல்லையில் கட்டிவிட்டு வர மகனுக்கு என்ன தடை? தந்தை பெயர் வெளியே வராமலும் ஆட்டுக்காரனுக்கு நட்டம் இல்லாமலும் செய்யக்கூடிய காரியம் அது. நூலில் அப்படி எழுதவில்லை. நான்காம் இயலையும் பதின்மூன்றாம் இயலையும் சேர்த்துப் படித்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த நேர்மையாளனின் கதை கணக்கர் குறிப்பிட்ட அதே லூ ஷி சுன்சியூவிலும் வருகிறது. அதைக் கணக்கர் சொல்லாமல் விட்டுவிட்டார். அங்கே மகன் தந்தையைக் காட்டிக்கொடுக்கிறான். தந்தைக்கு மரண தண்டனை என்றானதும், அவருக்குப் பதிலாக நான் சாகிறேன் என்று முன்வருகிறான். வெட்டப்போகும் நேரத்தில், காட்டிக்கொடுத்தது வாய்மை, பதிலுக்குச் சாக வந்தது தந்தைப் பற்று, இரண்டும் உள்ளவனையே கொன்றால் இந்த நாட்டில் யார் மிஞ்சுவார்கள் என்று அதிகாரியிடம் வாதிட்டுத் தப்பிவிடுகிறான். இதைக் கேட்ட கன்பூசியஸ், ஒரே தந்தையை வைத்து இரண்டு முறை பெயர் வாங்கிக்கொண்டானே என்றாராம். வள்ளுவர் மகனிடம் எதிர்பார்ப்பது "இவன்தந்தை என்நோற்றான் கொல்" என்று ஊர் சொல்லும்படி நடப்பதை. அந்த நேர்மையாளனின் தந்தையைப் பார்த்து அப்படிக் கேட்கத் தோன்றுமா என்று உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கற்பிப்பவர் என்ற முறையில் இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். தந்தையும் மகனும் ஒருவரை ஒருவர் நல்லவராகு என்று நெருக்கத் தொடங்கினால் உறவு முறிந்துவிடும், அதனால்தான் முன்னோர் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கற்பித்தார்கள் என்று கன்பூசியஸ் வழிவந்த பிற்காலச் சிந்தனையாளர் மென்சியஸ் சொல்கிறார். கன்பூசியஸின் மகன் போ யூவிடம், உங்களுக்கு மட்டும் அவர் தனியாக ஏதாவது கற்றுக்கொடுத்திருக்கிறாரா என்று சென் காங் விசாரிக்கிறார். முற்றத்தில் தனியாக நின்றிருந்தவர், விரைந்து கடந்து போன என்னை நிறுத்திக் கவிதை நூல் படித்தாயா என்று கேட்டார், வேறொரு நாள் சடங்கு முறைகள் படித்தாயா என்று கேட்டார், அவ்வளவுதான் என்கிறார் போ யூ. ஊருக்கெல்லாம் ஆசிரியராக இருந்தவர் தம் மகனிடம் ஓரடி தள்ளியே நின்றார்.


மறுமொழி 4: லாஸ்பேட்டை வாசகர்

புதுச்சேரிக் கம்பன் விழாக்களில் பட்டிமன்றம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வழக்கு புதிது இல்லை. வீடணனா, கும்பகருணனா என்று நாம் ஆண்டுக்கணக்கில் பேசி வருவதும் இதைத்தான். கும்பகருணன் அண்ணனின் குற்றத்தை மூடி மறைக்கவில்லை. "பேசுவது மானம் இடைபேணுவது காமம்" என்று நிறைந்த அவையில் முகத்துக்கு நேரே சொல்கிறான். அறிவுரை எடுபடவில்லை என்ற பிறகு, வீடணன் வந்து அழைத்தும் போகாமல், நீர்க்கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு வரமாட்டேன், இத்தனை நாள் வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுப்பேன் என்று மறுத்துவிடுகிறான். ஆசிரியை அம்மா எடுத்துக்காட்டிய நான்காம் இயலின் 18ஆம் பகுதி அப்படியே அவனுக்குப் பொருந்தும். வீடணன் பக்கம் தீர்ப்பு வந்த மேடைகளிலும் கும்பகருணனைச் சிறியவன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் கணக்கரின் கேள்விக்கு நேரான பதிலை மென்சியஸ் நூலின் கடைசி இயலில்தான் பார்க்கிறேன். ஷுன் என்ற பழங்காலப் பேரரசர் பெற்றோர் பேணலுக்குப் பெயர் பெற்றவர். அவருடைய தந்தை குசோ கெட்டவர். மகனையே கொல்லப் பார்த்தவர். தாவ் யிங் என்ற மாணவர், ஷுன் பேரரசராகவும் காவ் யாவ் நீதி அமைச்சராகவும் இருக்கும்போது குசோ ஒரு கொலை செய்துவிட்டால் என்ன நடக்கும் என்று ஆசிரியரை மடக்குகிறார். மென்சியஸ் தயங்காமல், காவ் யாவ் அவரைப் பிடிப்பார் என்கிறார். ஷுன் தடுக்க மாட்டாரா என்று கேட்டால், எப்படித் தடுப்பார், அந்த அதிகாரம் முறைப்படி காவ் யாவுக்கு வந்தது என்கிறார். பிறகு ஷுன் என்னதான் செய்வார்? தேய்ந்த செருப்பைக் கழற்றி எறிவதுபோல் பேரரசை விட்டுவிட்டு, தந்தையை இரகசியமாக முதுகில் தூக்கிக்கொண்டு கடலோரத்துக்கு ஓடிப்போய், ஆண்ட நாட்டை மறந்து அங்கேயே மகிழ்ச்சியாக வாழ்வார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் தந்தையை மன்னிக்க அரசாணை எழுதவில்லை. வழக்கைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. காவ் யாவை வேறு துறைக்கு மாற்றவும் இல்லை. மனுநீதிச் சோழன் மகனைக் கொடுத்தான், ஷுன் அரியணையைக் கொடுத்தார். இருவருமே அரியணையில் இருந்துகொண்டு உறவைக் காப்பாற்றவில்லை. கொலையுண்டவனின் வீட்டாருக்கு இதில் என்ன ஆறுதல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, மென்சியஸும் சொல்லவில்லை.


வில்லியனூர்க் கணக்கர்:

ஷுன் கதையை ஏற்கிறேன். ஏனென்றால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. பதவியில் இருப்பவன் உறவுக்காக வளைய வேண்டுமானால் முதலில் பதவியை விட்டு இறங்க வேண்டும். 13ஆம் இயல் பேசுவது பதவி ஏதும் இல்லாத ஒரு சாதாரண மகனைப் பற்றி. அந்த வரம்போடு படித்தால் எனக்கும் பெரிய சண்டை இல்லை. ஆனால் வரம்பை எடுத்துவிட்டு அந்த ஒரு பகுதியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலுவலகக் கோப்பிலும் டெண்டரிலும் மைத்துனருக்காக மறைப்பவர்களைத்தான் நான் அன்றாடம் பார்க்கிறேன். மாணவர்களிடம் இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் படிக்கக் கொடுங்கள், பிரித்துக் கொடுக்காதீர்கள். ஆட்டைத் திரும்பக் கட்டிவிட்டு வரலாம் என்று ஆசிரியை அம்மா சொன்னது நூலில் இல்லை என்றாலும் அதைத்தான் நானும் செய்வேன்.


மறுமொழி 5: மஞ்சக்குப்பம் வக்கீல்

கணக்கர் தம்பி பதவியைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சேர்க்கிறேன். கன்பூசியஸும் ஒரு காலத்தில் லூ நாட்டில் நீதித் துறைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர். அந்த நாற்காலியில் இருந்தபோது அவரிடமே ஒரு தந்தை மகன் வழக்கு வந்ததாக, அவர் வழிவந்த பிற்காலச் சிந்தனையாளர் சுன்சியின் நூலில் ஒரு கதை இருக்கிறது. தந்தையும் மகனும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து வந்தார்கள். கன்பூசியஸ் அவர்களைச் சிறையில் வைத்தார். மூன்று மாதம் தீர்ப்பே சொல்லவில்லை. பிறகு தந்தை தாமே வழக்கை நிறுத்திக்கொள்ளலாம் என்று கேட்க, விட்டுவிட்டார். நாட்டின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஜி சுன் இதைக் கேட்டு, பெற்றோர் பேணலால் நாட்டை ஆள வேண்டும் என்று என்னிடம் சொன்னவர் இந்தக் கிழவர்தானே, பேணாத மகன் ஒருவனைக் கொன்று காட்டியிருந்தால் ஊருக்குப் பாடமாக இருந்திருக்குமே, விட்டுவிட்டாரே என்று சினந்தார். மாணவர் ரான் யூ அதை வந்து சொன்னதும் கன்பூசியஸ் பெருமூச்சு விட்டு, மக்களுக்குக் கற்பிக்காமல் அவர்கள் வழக்கை விசாரிப்பது குற்றமற்றவர்களைக் கொல்வதாகும் என்றாராம். மூன்றடிக் கரையில் வெறும் வண்டிகூட ஏற முடியாது, ஆனால் மிக உயர்ந்த மலையிலும் பாரம் ஏற்றிய வண்டி ஏறிவிடுகிறது, சரிவு மெல்ல மெல்ல ஏறுவதுதான் காரணம் என்றும் சொல்கிறார். ஒழுங்கு கெட்டுச் சரிந்து கிடக்கும் காலத்தில் மக்கள் தப்பிதம் செய்யாமல் எப்படி இருப்பார்கள் என்பது அதன் கருத்து.

இந்தக் கதை வரும் இயல், சுன்சி தம் கையால் எழுதியதாக இல்லாமல் பின்வந்தவர்கள் தொகுத்துச் சேர்த்ததாக ஆய்வாளர்கள் கருதும் பகுதியில் இருக்கிறது. ஆகவே நடந்த நிகழ்ச்சி என்று அடித்துச் சொல்ல வேண்டாம், மாணவர்களிடம் கதையாகவே சொல்லுங்கள். விசாரணையே இல்லாமல் மூன்று மாதம் இருவரைச் சிறையில் வைத்ததை இன்றைக்கு எந்த நீதிமன்றமும் ஏற்காது என்பதையும் உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கேட்பார்கள். கேட்டால் அவர்கள் பக்கம் நில்லுங்கள்.